ஓவசியர் கட்டிய பிளேன்

ஹெக்டர் அருமைநாயகத்துக்குச் சீனி வருத்தம் என்று கொழும்பு டொக்டர் சொன்னபோது, கல்லடியில் அவருடைய வீட்டுப் பின்வளவுத் தகரக் கொட்டிலுக்குள் ஒரு விமானம் முக்கால்வாசி முடிந்து நின்றது. உடற்கூடும் ஒரு இறக்கையும் தயார். மற்ற இறக்கைக்கு மரச்சட்டங்களைப் பசை போட்டு ஒட்டிக் காயவிட்டிருந்தார். அதைக் காயவிட்டுத்தான் சோதனைக்கே புறப்பட்டுப் போனார்.

ஹெக்டர் பொதுவேலைத் திணைக்களத்தில் ஓவசியர். ஊரார் ஆறு என்று சொல்கிற வாவிக்கு மேற்கே வெல்லாவெளிப் பக்கம் போகிற ரோடுகளெல்லாம் அவர் பொறுப்பு. இரண்டாம் உலக யுத்தகாலத்தில், இளந்தாரியாக இருந்தபோது, திருகோணமலை சீனக்குடாவில் வெள்ளைக்காரப் படைக்கு ஓடுபாதை போட்ட கூட்டத்தில் மேற்பார்வைக்கு நின்றவர். தான் கல் பரப்பி உருளை ஓட்டி இறுக்கிய தரையிலிருந்து வேறு யாரோ எழும்பிப் போவதை இரண்டு வருசம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆசையை யாருக்கும் சொல்லவில்லை. கலியாணம் முடித்து, ஒரே மகள் றீற்றாவை வளர்த்து, அவள் கொழும்பில் தாதியாக வேலைக்குப் போன பிறகுதான், நாற்பத்தாறு வயதில், லீவு போட்டுக்கொண்டு இரத்மலானைக்குப் போய் அங்கே ஒரு பறப்புச் சங்கத்தில் சேர்ந்தார். வெளிநாட்டிலிருந்து வரைபடம் எடுப்பித்து இரண்டு பேர் ஏறக்கூடிய சின்ன விமானம் ஒன்றைக் கட்டவும் தொடங்கினார். சங்கத்தின் கிட்டங்கியில் கிடந்த மரமும், கழித்துவிட்ட பழைய பயிற்சி விமானம் ஒன்றின் எஞ்சினும் லொறியில் கல்லடிக்கு வந்து சேர்ந்தன.

பயிற்றுநருடன் ஏறி நன்றாகவே ஓட்டினார். தனியே விடுவதற்கு முன் வைத்தியச் சான்று வேண்டும் என்றார்கள். அதில்தான் நீரிழிவு பிடிபட்டது.

"ஊசி போடோணுமாம்," என்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். "ஊசி போடுற ஆளுக்கு லைசன் இல்லயாம். இண்டைக்கும் இல்ல, எண்டைக்கும் இல்ல."

செசீலியா பெண்கள் பாடசாலை ஒன்றில் பூமிசாத்திரம் படிப்பிக்கிற ரீச்சர். சோதனைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தவள் பேனையை வைத்துவிட்டு எழும்பினாள். அவளுக்கு முதலில் வந்தது கவலையல்ல. இனி இந்த மனிதன் ஆகாயத்தில் போகமாட்டார் என்ற ஆறுதல்தான் வந்தது. அதை முகத்தில் காட்டக்கூடாது என்று முயன்றாள். அவர் கண்டுகொண்டார். துவாயை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.

அதன் பிறகு கொட்டில் பக்கம் அவர் போகவில்லை. வேலை முடிந்து வந்தால் முன் விறாந்தையில் கதிரையைப் போட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒட்டிக் காயவிட்ட சட்டங்களில் குளவி கூடு கட்டியது. செசீலியாதான் ஒருநாள் துடைப்பத்தால் தட்டிவிட்டாள். அவர் கோபப்படுவார், எழும்பிச் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தாள். "இரிக்கட்டும், விடு," என்றார். அதுதான் அவளைப் பயப்படுத்தியது.

ஒரு பகல், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "செசி, நீ படியன்," என்றார்.

"என்னத்த?"

"பறக்க."

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"லைசன் உன்ட பேரில இருந்தாப் போதும். நான் முன்னுக்கு இருப்பன், நீ பின்னுக்கு இரு. ரெண்டு இடத்திலயும் ஓட்டுற கோல் இரிக்கு. மேல போன பிறகு ஆர் ஓட்டுற எண்டு ஆர் வந்து பாக்கப் போறா?"

"எனக்கு நாப்பத்தஞ்சு வயசு. கல்லடிப் பாலத்தால நடக்கக்குள்ளயே நான் கீழ பாக்கமாட்டன்."

"கீழ பாக்கத் தேவல்ல. அத நான் பாத்துக்குவன்."

இருபத்திரண்டு வருசக் குடும்ப வாழ்க்கையில் ஹெக்டர் அவளிடம் எதையும் கேட்டவரல்ல. அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். கடைசியில், "சரி, பாப்பம்," என்றாள். அவர் அன்று பின்னேரமே கொட்டிலைத் திறந்தார்.

பாடசாலை விடுமுறை வந்ததும் செசீலியா கொழும்புக்குப் போய் றீற்றாவின் வாடகை அறையில் தங்கினாள். காலையில் பஸ் ஏறி இரத்மலானை. முதல் தடவைகளில் ஒவ்வொரு முறையும் தின்றதெல்லாம் சத்தி எடுத்தாள். பயிற்றுநர் ஒரு வயதான பறங்கி மனிதர். "மிஸிஸ், உங்களுக்கு இது தேவைதானா?" என்று அவரே கேட்டுவிட்டார். தேவையில்லை என்று சொல்லத்தான் நினைத்தாள். வீட்டில் குந்தியிருக்கிற மனிதனை நினைத்து, நாளைக்கும் வருவதாகச் சொன்னாள்.

மாற்றம் வந்த நாள் அவளுக்கு நல்ல நினைவு. பாணந்துறைப் பக்கம் திரும்பும்போது மேகம் விலகியது. தற்செயலாகக் கீழே பார்த்தாள். கடற்கரை வளைந்து போகிறது, ஆறு கடலில் விழுகிற இடத்தில் மணல்திட்டு ஒன்று நாக்கு நீட்டிக்கொண்டு கிடக்கிறது, அதற்குப் பின்னால் நீர்ப்பரப்பு. இருபது வருசமாக அவள் கரும்பலகையில் வெண்கட்டியால் கீறிக் காட்டிய கோடு அது. அவள் அதை ஒருநாளும் கண்டதில்லை. அன்று அவளுக்குச் சத்தி வரவில்லை. பயிற்றுநர் சொல்லாமலே மறுபடி அந்தப் பக்கம் கிறுகினாள்.

அடுத்தடுத்த விடுமுறைகளில் தனியே பறந்தாள், சோதனை எழுதினாள், லைசன் எடுத்தாள். வீட்டுக்கு வந்து ஹெக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லவில்லை. எந்தெந்தப் பயிற்சி முடிந்தது என்று மட்டும் சொன்னாள்.

அந்த வருசத்துப் பின்னேரங்கள் நல்லவைதான். இறக்கைச் சட்டத்தின் மேல் துணியைப் போர்த்தி, நீள ஊசியால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருவரும் நின்று தைத்தார்கள். அவர் ஊசியைத் தள்ளுவார், அவள் மறுபக்கம் வாங்கி இழுத்துத் திருப்பித் தள்ளுவாள். துணிக்குப் பூசுகிற வார்னிசின் மணம் வளவெல்லாம் நின்றது. தைக்கும்போது அவர் கேட்பார், பயிற்றுநர் இறங்குவதற்கு எப்படிச் சொல்லித் தருகிறார் என்று. அவள் சொல்வாள். ஒருமுறை, "அப்பிடியில்ல செசி, காத்து இடப்பக்கத்தால வந்தா..." என்று தொடங்கினார்.

"இல்ல. இப்பிடித்தான். நான் செஞ்சு பாத்திரிக்கன்."

ஊசி அவர் பக்கமே நின்றது. சற்று நேரம் கழித்துத்தான் திரும்பி வந்தது.

றீற்றா லீவில் வந்திருந்தபோது தாயைக் குசினிக்குள் கூப்பிட்டு வைத்துச் சொன்னாள். "அம்மா, ஊசி போட்டிட்டு நேரத்துக்குச் சாப்பிடாட்டி அப்பாவுக்குச் சீனி குறைஞ்சிரும். வேர்க்கும். குடிச்ச ஆள் மாதிரிப் பேசுவார், பிடிச்ச பிடி விடமாட்டார். அவருக்கு ஒண்டும் விளங்காது, மறுகா நினைவும் இரிக்காது. கண்டா உடன சீனியக் கரைச்சுக் குடுங்க." ஹெக்டரிடமும் சொன்னாள். "எனக்கு அப்பிடி வந்ததில்ல," என்றார் அவர்.

விமானம் முடிந்தது. விமானப் போக்குவரத்துத் திணைக்களத்து அதிகாரி ஒருவர் கொழும்பிலிருந்து வந்து மூட்டுகள் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, பறக்கலாம் என்று ஒப்பம் தந்தார். ஒரு நிபந்தனை போட்டார். குறிப்பிட்ட மணித்தியாலம் பறந்து முடியும்வரை லைசன் உள்ளவரைத் தவிர வேறு யாரும் ஏறக்கூடாது.

கொக்கட்டிச்சோலையில் பெருநிலக்காரர் யோகராசாப் போடியாருக்கு வயல்வட்டைகளுக்கு அப்பால் பெரிய தரவை ஒன்று இருந்தது. மாடுகள் மேய்கிற புல்வெளி. கோடையில் கல்லுப் போல இறுகிக் கிடக்கும். போடியாருக்கும் ஹெக்டருக்கும் ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளத்திலிருந்து பழக்கம். உடைந்த ரோட்டைத் திறக்க வந்த ஓவசியரைத் தன் வீட்டில் ஒரு மாதம் வைத்துச் சோறு போட்டவர் அவர். "தரவை கிடக்குது, மாட்டக் கலைச்சா உங்கட பிளேன் ஓடும்," என்றார். இறக்கைகளைக் கழற்றி லொறியில் ஏற்றி, மண்முனைத் துறையில் பாதையில் வைத்து வாவியைக் கடந்தார்கள். பாதை என்பது இரும்பு மிதவைகளின் மேல் பலகை அடித்த தட்டு; வண்டி, மாடு, மனிதர் எல்லாரும் அதில்தான் அக்கரை போகவேண்டும். அன்று பாதையில் ஏறியவர்களெல்லாம் துணி போர்த்த அந்த இறக்கைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.

செசீலியா முதல் முறை தனியே எழும்பிய அன்று தரவையில் திருவிழாச் சனம். ஹெக்டர் இறக்கை நுனியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சத் தூரம் ஓடினார், பிறகு கையை விட்டார். விமானம் தூக்கியது. அவர் மூச்சு வாங்க நின்று பார்த்தார். அது கட்டுக்கோப்பாகப் பறந்தது. ஒரு பக்கமும் இழுக்கவில்லை. அவர் கட்டியது அது. அவள் இறங்கி வந்தபோது சனம் அவளைத்தான் சூழ்ந்தது. பெண்கள் கையைப் பிடித்துப் பார்த்தார்கள். கொஞ்ச நாளில் கொக்கட்டிச்சோலையில் அதற்கு 'ரீச்சர்ர பிளேன்' என்று பேராகிவிட்டது. கல்லடிக் கடைத்தெருவில் ஒருவன் ஹெக்டரை மறித்து, "ஓவசியர், ரீச்சர்ர பிளேன் எப்பிடி ஓடுது?" என்று கேட்டான். நல்ல மனதோடுதான் கேட்டான்.

"என்ட முறை எப்ப?" என்று ஹெக்டர் கேட்கத் தொடங்கினார்.

"அந்த மணித்தியாலம் முடியட்டும்."

"அதுக்கு இன்னும் கனக்க இரிக்கு. நாம பேசினது என்ன?"

"பேசினதுதான். ஆனா அவர் எழுதித் தந்தது வேற. பிடிபட்டா லைசன் போயிரும்."

"லைசன் போயிருமெண்டு யோசிக்கிறாய்," என்றார் அவர். "இது ஆர்ர பிளேன் செசி?"

அவர் கேட்டது நியாயம். நியாயம் என்று தெரிந்தும் கொடுக்க மனம் பின்னடித்தது ஏன் என்று அவளுக்கே தெளிவில்லை. பயமா, சட்டமா, வேறேதுமா? தேவாலயத்தில் பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்காலில் இருந்தபோதுகூட அதை வாயில் எடுக்கவில்லை. வீட்டில் பேச்சுக் குறைந்தது. அவர் சாப்பிடாமல் எழும்பத் தொடங்கினார். ஆவணி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, "சனிக்கிழம வெள்ளணப் போவம். கச்சான் காத்து எழும்பமுதல் ஏறி இறங்கிரோணும்," என்றாள். அவர் அன்று முழுவதும் அவளைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்.

சனிக்கிழமை விடியமுன் எழும்பி, ஊசி போட்டுக்கொண்டார். இடியப்பத்தை முன்னால் வைத்துவிட்டு அவள் உடுப்பு மாற்றப் போனாள். திரும்பி வந்தபோது சாப்பாட்டுக் கோப்பை கழுவிக் கவிழ்த்திருந்தது. "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். "ஓம் ஓம், வா," என்றார். உண்மையில் இரண்டு வாய்தான் தின்றார். மிச்சத்தை நாய்க்குப் போட்டிருந்தார். சந்தோசத்தில் அவருக்குப் பசிக்கவில்லை.

மண்முனையில் பாதை சுணங்கியது. இறங்கும்போது ஒரு மாட்டுவண்டியின் சில்லு பலகை இடுக்கில் மாட்டிக்கொண்டது. அதைத் தூக்கி எடுக்கும்வரை கரையில் நின்றார்கள். ஹெக்டரும் போய்த் தோள் கொடுத்தார். தரவைக்கு வந்து சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. நாளைக்குப் பார்ப்போமா என்று அவள் கேட்க வாயெடுத்தாள். அவர் ஏற்கனவே முன்னிருக்கையில் ஏறி வாரைக் கட்டிக்கொண்டிருந்தார்.

செசீலியா பின்னுக்கிருந்து எழுப்பினாள். உயரம் வந்ததும், பேசி வைத்தபடி, முன்னே குனிந்து அவருடைய தோளில் இரண்டு தட்டுத் தட்டினாள். கோலை விட்டாள். அவர் எடுத்துக்கொண்டார்.

நன்றாக ஓட்டினார். அவளைவிட மெதுவான கை. வயல்வட்டைகளுக்கு மேலாகப் போய் வாவிக்கு வந்தார்கள். நீர் வெயிலில் தகதகத்தது. தோணிகள் சிறுசிறு கீறல்களாகக் கிடந்தன. அவருடைய பிடரியும் காதுகளும் மட்டுமே அவளுக்குத் தெரிந்தன. அந்தக் காதுகளைப் பார்க்கவே அவர் சிரிக்கிறார் என்று விளங்கியது. எவ்வளவு காலத்துக்கு முன்பே இதைக் கொடுத்திருக்கலாம் என்று அவள் தன்னையே நொந்துகொண்டாள்.

கச்சான் எழும்பத் தொடங்கியது. விமானம் குலுங்கியது. திரும்பலாம் என்று தோளில் தட்டினாள். அவர் திரும்பவில்லை. மறுபடி தட்டினாள். கத்தினாள். எஞ்சின் சத்தத்தில் அது அவளுக்கே கேட்கவில்லை. அப்போதுதான் அவருடைய சேட்டின் முதுகைக் கண்டாள். தண்ணீரில் தோய்த்து எடுத்தது போல் ஒட்டிக் கிடந்தது. மேலே குளிர் காற்று அடிக்கிறது. அவருக்கு வேர்த்து ஊற்றுகிறது.

விமானத்தின் மூக்கு உயரத் தொடங்கியது. கோலைப் பிடித்து முன்னே தள்ளினாள். அசையவில்லை. அவர் இரண்டு கையாலும் தன் கோலை வயிற்றோடு இழுத்துப் பிடித்திருந்தார். எஞ்சின் முக்கியது. வேகம் குறைந்துகொண்டு வந்தது. இறக்கைகள் நடுங்கத் தொடங்கின. இன்னும் கொஞ்சம் போனால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு பக்கம் சரிந்து, சுழன்று, வாவியில்.

தோளைப் பிடித்து உலுக்கினாள். தலைமயிரைப் பிடித்து இழுத்தாள். அவர் பாடுகிறார் போலிருந்தது. இருக்கைப் பக்கத்துப் பையில் தேத்தண்ணிப் போத்தல் இருந்தது, தகர உறை போட்ட கனமான சுடுபோத்தல். தன் வாரைக் கழற்றினாள். பாதி எழும்பி, முன்னே சாய்ந்து, இரண்டு கையாலும் ஓங்கி அவருடைய வலது தோளில் அடித்தாள். ஒரு அடியில் அவர் கோலை விடவில்லை. இரண்டாவதை இன்னும் பலமாக அடித்தாள். எலும்பு முறிவது அவளுடைய கையில் தெரிந்தது. கோல் இளகியது.

இருக்கையில் விழுந்து கோலை முன்னே தள்ளினாள். மூக்குக் கவிழ்ந்து விமானம் கீழே பாய்ந்தது. வாவிக்கரைக் கண்டல் மரங்களின் உச்சி கிட்ட வந்தபோதுதான் நிமிர்ந்தது. அவள் வார் கட்டாமலே தரவைக்குக் கொண்டுவந்து இறக்கினாள். மூன்று தரம் துள்ளி, சரிந்து நின்றது.

போடியார் ஓடிவந்தார். ஹெக்டர் கண்ணைத் திறந்தபடி, வாயால் நீர் வடிய, ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். சுடுபோத்தல் உடைந்து தேத்தண்ணியெல்லாம் விமானத்துக்குள் ஓடியிருந்தது. "சீனி! சீனி கொண்டுவாங்க போடியார்!" என்று அவள் கத்தினாள். போடியார் தரவையோரம் இருந்த வாடிக் குடிலுக்கு ஓடிச் சீனித் தண்ணி கொண்டுவந்தார். இருவருமாக வாயைத் திறந்து ஊற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் ஹெக்டரின் கண் தெளிந்தது. தோளைப் பிடித்துக்கொண்டு முனகினார்.

"என்ன செஞ்சாய்?" என்று கேட்டார்.

"நான்தான் அடிச்சன்," என்றாள் செசீலியா.

ஆஸ்பத்திரியில் டொக்டர் விசாரித்தபோது, ஏணியால் விழுந்தவர் என்றாள். நிபந்தனையை மீறி அவரை ஏற்றியது வெளியே வந்தால் எல்லாம் போய்விடும். ஹெக்டர் கட்டிலில் கிடந்து அந்தப் பொய்யைக் கேட்டார். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பேசினார். "நான் நல்லாத்தானே ஓட்டினன்."

"ஓம், முதல்ல. மறுகா மேல இழுத்தீங்க. விடல்ல. உங்களுக்குச் சீனி குறைஞ்சிட்டு."

"எனக்கு எல்லாம் நினைவிரிக்கு. ஆறு தெரிஞ்சது. தோணி தெரிஞ்சது. நீ தோளில தட்டினாய். மறுகா அடிச்சாய்." அவருடைய நினைவில் இடையிலே வெட்டு ஏதும் இல்லை. இரண்டு முனையும் சேர்ந்து ஒரே துண்டாக இருந்தது.

"இடையில எவ்வளவோ நடந்த."

"பயந்திட்டாய். இல்லாட்டிக் குடுக்க மனமில்ல. அடிச்சுப் பறிச்சிட்டாய். அதனாலதானே டொக்டரிட்டப் பொய் சொன்ன?"

செசீலியா எழும்பிக் குசினிக்குள் போனாள். அவர் சொன்னது பொய் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் குடுக்க மனமில்லை என்ற சொல் உள்ளே போய்த் தைத்துக்கொண்டது. ஒரு அடி போதாதா? இரண்டாவது அடியை அத்தனை பலமாக ஏன் அடித்தேன்? பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருக்கும்போதும் அந்தக் கேள்வி வந்து நின்றது. பிள்ளைகள் "ரீச்சர், ரீச்சர்" என்று கூப்பிட்ட பிறகுதான் திரும்புவாள்.

ஹெக்டர் தோளில் கட்டோடு கொக்கட்டிச்சோலைக்குப் போய், விமானத்தில் யாரும் கை வைக்கக்கூடாது என்று போடியாரிடம் சொன்னார். போடியார் சொல்லிப் பார்த்தார்.

"நான் கீழருந்து கண்டன் ஓவசியர். மூக்கு நேர வானத்தப் பாத்து நிண்டது. ரீச்சர் இல்லாட்டி உங்கட சவத்த ஆத்திலதான் தேடியிருப்பம்."

"போடியாருக்குப் பிளேனப் பத்தி என்ன தெரியும்?"

போடியார் வெற்றிலையைத் துப்பிவிட்டு மாட்டைப் பார்க்கப் போனார். தரவையோரத்தில் போடியாரின் கொட்டிலில் விமானத்தின் மேல் வைக்கோல் தூசு படிந்தது. கல்லடி வீட்டில் இருவரும் தேவையான வார்த்தைகளை மட்டும் பேசினார்கள். சோறு, தண்ணி, கதவு. அவர் முன்னறையில் படுத்துக்கொண்டார். தோள் கோணலாகப் பொருந்தியது. வலது கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை.

புரட்டாதி கடைசியில், மாரி தொடங்குமுன், வெல்லாவெளி ரோட்டில் ஒரு நீளத் துண்டுக்குக் கல் பரப்பித் தார் ஊற்றும் வேலை நடந்தது. முதல் நாள் போட்டு முடித்த பகுதி அழகாக இறுகியிருந்தது. அடுத்த நாள் தார் பீப்பாய் வர நேரம் சென்றது. லொறிக்காரனோடு வாதாடிக்கொண்டு நின்ற ஹெக்டர் பகல் சாப்பாட்டை மறந்துவிட்டார்.

அவருக்குத் தெரிந்தவரை, மரத்தடியில் நின்று லொறி இலக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்ததாக, பக்கத்தில் சபூரா என்ற பெண் வைத்திருந்த தேத்தண்ணிக் கடை வாங்குப் பலகையில் கிடந்தார். வாயெல்லாம் சர்க்கரைப் பிசுக்கு. சபூரா பக்கத்தில் குவளையோடு நின்றாள். வேலைக்காரர்கள் ரோட்டோரம் வரிசையாக, மண்வெட்டிகளோடு நின்றார்கள்.

ஹெக்டர் எழும்பி ரோட்டைப் பார்த்தார். நேற்றுப் போட்ட தார் முழுக்கக் கிண்டிக் கிடந்தது. கல் புரண்டு, துண்டு துண்டாக, பக்கத்து வாய்க்கால் வரை சிதறியிருந்தது.

"ஆர் இதக் கிண்டச் சொன்ன?" என்று கத்தினார்.

கங்காணி பாறூக் முன்னுக்கு வந்தார். ஹெக்டரோடு பல வருசம் வேலை செய்தவர். "நீங்கதான் ஐயா சொன்னீங்க."

"நானா? என்ன விசர்க்கதை பேசுறாய்?"

"பிழையாப் போட்டிரிக்கி, கிண்டுங்கடா எண்டு நீங்கதான் நிண்டீங்க. நாங்க வேணாம் வேணாம் எண்டம். இரும்பு அலவாங்க எடுத்துக்கிட்டு என்ன அடிக்க வந்தீங்க. மறுகா நீங்களே கிண்டத் தொடங்கினீங்க ஐயா, ஒரு கையால. உங்களப் பாக்க எங்களுக்குப் பயமா இரிந்த, நாங்களும் சேந்து கிண்டினம். சபூராதான் இது சீனி வருத்தம், இவட உம்மாக்கும் வாற எண்டு சொல்லிச் சர்க்கரயக் கரைச்சுப் பருக்கின."

பாறூக்கின் முழங்கையில் தோல் உரிந்து இரத்தம் காய்ந்திருந்தது. ஹெக்டர் அதைப் பார்த்தார். தன் கைகளைப் பார்த்தார். உள்ளங்கையில் கொப்புளங்கள் உடைந்திருந்தன. எப்படி வந்தன என்று அவருக்குத் தெரியவில்லை. மரத்தடியில் நின்றதும் வாங்கில் எழும்பியதும் அவருக்குள் ஒட்டிக்கொண்டே இருந்தன, நடுவில் ஒரு கண் சிமிட்டும் நேரம்கூட இல்லாதது போல. ஆனால் ரோடு முழுக்கக் கிண்டிக் கிடந்தது.

பாறூக்கின் கையைப் பிடித்து, "மன்னிச்சுக்க பாறூக்," என்றார். பாறூக், "சும்மா இரிங்க ஐயா, வருத்தம்தானே," என்றார்.

வீட்டுக்கு வந்தபோது செசீலியா கிணற்றடியில் உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தாள். ஹெக்டர் கிணற்றுக்கட்டில் போய் இருந்தார். அவர் அங்கே வந்து இருந்து மாதக்கணக்காகிறது.

"ரோட்டக் கிண்டிட்டன் செசி."

"எந்த ரோட்ட?"

நடந்ததைச் சொன்னார். பாறூக்கை அடிக்கப் போனதையும் சொன்னார். உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அவள் ஈரக் கையோடு அதைப் பிடித்துப் பார்த்தாள்.

"அண்டைக்கும் இப்பிடித்தானா?"

"ஓம்."

"பேசினனா?"

"பாடினீங்க. என்ன பாட்டெண்டு கேக்கல்ல."

அவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். துவைத்த உடுப்புகளிலிருந்து தண்ணீர் சொட்டியது. செசீலியா சொல்லவேண்டியதையும் அப்போதே சொல்லிவிட நினைத்தாள்.

"நீங்க சொன்ன ஒண்டு எனக்குள்ள கிடக்குது. குடுக்க மனமில்ல எண்ட. அது முழுப் பொய்யில்ல. உங்களுக்குக் குடுக்க எனக்கு மனம் வரல்லதான், கனநாளா. அதுக்காக அடிக்கல்ல. ஆனா ரெண்டாவது அடிய அவ்வளவு பலமா அடிச்சிரிக்கத் தேவல்லயோ எண்டு யோசிக்கிறன். எனக்கு விளங்குதில்ல."

ஹெக்டர் கோணலான தோளை மற்றக் கையால் தடவினார்.

"எனக்குத் தெரியாது செசி. நான் அங்க இரிக்கல்லயே. நீதான் இருந்தாய்."

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து அவள் வந்ததும் இருவரும் மண்முனைக்குப் போனார்கள். அவர் சேட்டுப் பையில் சர்க்கரைக் கட்டி இருந்தது. பாதையில் ஏறுமுன் அவள் கேட்காமலே இரண்டு வாழைப்பழம் உரித்துத் தின்றார். போடியார் மாடுகளைக் கலைத்து வைத்திருந்தார். மேற்கே மழை இருட்டு இருந்தது. இன்னும் சில நாளில் தரவை முழுக்கச் சேறாகிவிடும். ஹெக்டர் ஒற்றைக் கையால் எஞ்சினைத் துடைத்தார், கம்பிகளை இழுத்துப் பார்த்தார், அன்று தரையிறங்கும்போது வளைந்த சில்லுத் தண்டு ஒன்றை போடியாரின் ஆட்களோடு சேர்ந்து மாற்றினார். செசீலியா பின்னிருக்கையில் ஏறினாள். முன்னிருக்கை வெறுமையாக இருந்தது.

விமானம் எழும்பிப் போய் வாவிப் பக்கம் திரும்பியதை அவர் மரநிழலில் இருந்து பார்த்தார். அது சிறுத்து, புள்ளியாகி, வெள்ளை மேகத்துக்கு முன்னால் மறுபடி தெரிந்தது. பெருமை வரும் என்று எதிர்பார்த்திருந்தார். வந்ததுதான். அதைவிடப் பெரிதாக வேறொன்றும் கூடவே வந்தது. போடியார் பக்கத்தில் நின்று ஏதோ கேட்டார். ஹெக்டர் கையை அசைத்து அவரைப் பேசவேண்டாம் என்றார்.

அவள் இறங்கி, எஞ்சினை நிறுத்தி, நடந்து வந்தாள். முகத்தில் இருந்த சிரிப்பை அவரைக் கண்டதும் குறைத்துக்கொண்டாள்.

"குறைக்கத் தேவல்ல," என்றார் அவர். "ஆனா எனக்குச் சந்தோசமெண்டு சொல்லமாட்டன்."

"சொல்லவேணாம்."

துறைக்கு நடந்தார்கள். பாதை அக்கரையில் நின்றது. கரையில் கிடந்த மரக்குற்றியில் இருந்தார்கள். அவர் கேட்டார்.

"கொக்கட்டிச்சோலைக் கோயில் தெரிஞ்சதா மேலருந்து?"

"ஓம். கோயிலும் தெரிஞ்ச, தேர்க்கொட்டிலும் தெரிஞ்ச. அங்கால ஆறு ரெண்டாப் பிரிஞ்சு போற இடம் இரிக்கு, நீங்க ஒருக்காச் சொன்னீங்களே, அதுக்குள்ள தண்ணி பச்சயா..."

"போதும் செசி."

அவள் நிறுத்தினாள். அக்கரையில் பாதைக்காரன் கயிற்றை அவிழ்ப்பது தெரிந்தது. ஹெக்டர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பாதை நடு ஆற்றுக்கு வந்த பிறகு சொன்னார்.

"மிச்சத்த நாளைக்குச் சொல்லு."